காணாப்பூச்சி

கோமு,

குப்பைக்கூடையில் நீ வீசிய ஜிகினா டப்பா என்னிடம் இருக்கிறது. தேடாதே. துடைத்து, மூடியை இறுக்கி, என் பழைய கண்டக்டர் பைக்குள் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்கு நீ பெட்டி அடுக்குகிற சத்தம் அடுத்த அறையிலிருந்து கேட்கிறது. எழுந்து வந்து பேசலாம்தான். ஆனால் நீயும் நானும் பேச ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே கத்தத் தொடங்கிவிடுகிறோம். நேற்றும் அதுதான் நடந்தது. "அப்பா, மதி. இனி நான் ஒரு ஸ்கூல் வாசலையும் மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாய். கோபம் வந்தால் உனக்குத் தமிழ் 'போதும்' வராது, மலையாள 'மதி'தான் வரும். நானோ கதவுக்கு வெளியே நின்று, இந்தக் கரமனைத் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி உன்னைத் திட்டினேன். பக்கத்து வீட்டு அம்மாள் ஜன்னலைத் திறந்து பார்த்தாள். கண்டக்டர் தொண்டை, என்ன செய்வது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது பார். நம் தெருக்காரர்கள் நடத்தும் சின்னப் பத்திரிகைக்கும் இதைக் கொடுக்கப் போகிறேன். முறைக்காதே. உன் பெயரையும் அந்தப் பிள்ளையின் பெயரையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். உன்னைக் கோமு என்று கூப்பிடுவது எனக்கே புதிதாக, நன்றாகத்தான் இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கொச்சி வேலைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. மருந்துக் கம்பெனி ஆபீஸ், குளிரூட்டிய அறை, நல்ல நாற்காலி, எல்லாம் சந்தோஷம்தான். சுகாதார நிலையத்து மருந்து கவுண்டரில் நின்று நின்று உன் கால் வீங்கியதை நான் பார்க்காமலா இருக்கிறேன்? போ, நன்றாக இரு. ஆனால் வருகிற வெள்ளிக்கிழமை அந்தத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இன்னொரு வகுப்பு எடுக்க வரச் சொல்லி ஹெட்மிஸ்ட்ரஸ் உனக்குப் போன் செய்தார்கள், நீ எடுக்கவில்லை. அப்புறம் எனக்குச் செய்தார்கள். அந்த ஒரு வகுப்பை எடுத்துவிட்டுப் போ. இந்தக் கடிதம் முழுக்க நான் கேட்கப் போவது இந்த ஒன்றைத்தான். ஏன் கேட்கிறேன் என்று சொல்லத்தான் இவ்வளவு காகிதம்.

இந்த வகுப்பு வேலையையே நீ தொடங்கியது உன் அம்மாவின் பிஸ்கட் டின்னால்தான் என்பது உனக்கு நினைவிருக்கும். சாமி அலமாரியில், பழவங்காடிப் பிள்ளையார் கோயில் பிரசாதத்துக்குப் பக்கத்திலேயே, அவளுடைய மருந்து டின் இருக்கும். வீட்டில் யாருக்கு எப்போது என்ன வந்திருந்தாலும், மிச்சமான மாத்திரை அதற்குள் போய்விடும். வாசலில் யாராவது இரண்டு தடவை இருமினால் போதும், அரை அட்டையைக் கத்தரித்துக் கையில் கொடுப்பாள். "இது எங்க வீட்டுக்காரருக்கு நல்லாக் கேட்டுது" என்று சர்டிபிகேட் வேறு. நீ பார்மசி படித்து முடித்து வந்த முதல் வாரமே அந்த டின்னைத் தரையில் கவிழ்த்தாய். அதில் பாதி ஆன்டிபயாடிக். "அம்மா, சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் இது எதுக்கு? வைரஸுக்கு இது கேக்காது. கண்டபடி தின்னா, நாளைக்கு நெசமாவே வேணும்கிறப்போ எந்த மருந்தும் கேக்காமப் போயிரும்" என்றாய். உன் அம்மா விடுவாளா? "கேக்கும் கேக்கும். நீ சொன்னாத்தான் எதுவும் கேக்காது" என்றாள். நான் அன்று வயிறு குலுங்கச் சிரித்தேன். நீ அந்த மாத்திரைகளைப் பையில் அள்ளிக்கொண்டு, திருப்பி வாங்கிக்கொள்கிற இடத்தில் கொடுக்கப் புறப்பட்டாய். படியிறங்கும்போது, "பெரியவங்களைத் திருத்த முடியாதுப்பா. பிள்ளைங்களைப் பிடிக்கணும்" என்றாய். இப்போது அந்த டின்னில் உன் அம்மா முறுக்கு வைத்திருக்கிறாள். நீ ஜெயித்தாய் என்று அவள் வாயால் சொல்ல மாட்டாள். முறுக்குதான் சாட்சி.

அந்தப் பள்ளிக்கூட வகுப்புக்கு நான்தான் உனக்குப் பை தூக்கி. வாழ்நாள் முழுக்க ஊர்க்காரர்கள் பையை எல்லாம் "அந்தப் பக்கம் நகர்த்தி வையுங்கோ" என்று அதட்டியவனுக்கு இது நல்ல தண்டனைதான். வகுப்பு தொடங்குவதற்கு முன் என் உள்ளங்கையில் ஜிகினாவைத் தடவிவிட்டாய். முன் வரிசைப் பிள்ளைகளுக்கெல்லாம் கை கொடுத்துக்கொண்டே உள்ளே வரச் சொன்னாய். கொடுத்தேன். அவர்கள் அடுத்த வரிசையைத் தொட்டார்கள், பென்சில் கடன் வாங்கினார்கள், மூக்கைத் துடைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் வகுப்பு முழுக்கக் கன்னமும் காதும் மினுமினுக்க ஆரம்பித்தது. "தாத்தா கையில இருந்தது இப்ப உங்க மூக்குல எப்படி வந்துது?" என்று நீ கேட்டதும், பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கத்திய கத்தலில் ஹெட்மிஸ்ட்ரஸ் ஓடி வந்தார்கள். வெறும் தண்ணீரில் கழுவச் சொன்னாய், போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்க்கச் சொன்னாய், போயிற்று. என் மீசையில் மட்டும் போகவில்லை. "எந்தக் கூத்துல வேஷம் கட்டப் போனீங்க?" என்று உன் அம்மா அன்று சாயங்காலம் கேட்டது உனக்குத் தெரியாது. அடியே, எவ்வளவு அழகாகப் பாடம் எடுத்தாய் தெரியுமா? பின் பெஞ்சில் உட்கார்ந்து நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஜிகினா கண்ணில் விழுந்துவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். பொய்.

அதற்கப்புறம்தான் மருந்துப் பாடத்துக்கு வந்தாய். புத்தகத்தில் 'நுண்ணுயிரி' என்று போட்டிருக்கிறது, பிள்ளைகள் வாயில் நுழையாது, நம் வீட்டில் பேசுகிற சொல்லே போதும் என்று 'கிருமி' என்றாய். "டாக்டர் கிருமிக்கு மருந்து எழுதிக் கொடுத்தா, அவர் சொன்னபடி முழுசாச் சாப்பிடணும். பாதியில நிறுத்தக் கூடாது. கிருமி மிச்சம் இருந்துதுன்னா அது பலசாலியாயிரும், அப்புறம் மருந்து கேக்காது." நீ 'கிருமி' என்று சொன்னபோதெல்லாம் பிள்ளைகள் களுக் களுக்கென்று சிரித்தார்கள். எனக்கு முன்னால் இருந்த ஒன்று, "கிருமிகடி, கிருமிகடி" என்று பக்கத்தில் இருந்ததைக் கிள்ளியது. எனக்கும் சிரிப்பு வந்தது, சிரித்தேன். பஸ்ஸில் அடுத்தவன் சீட்டைப் பார்த்துப் பொறாமைப்படுகிற ஆளை மலையாளத்தில் 'கிருமிகடி' என்றுதானே கிண்டல் செய்வோம். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் நாம் இருவரும். இங்கே கிருமி என்றால் வயிற்றில் நெளிகிற புழு என்பது நமக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வாசல் படிக்கு இந்தப் பக்கம் ஒரு சொல்லும் அந்தப் பக்கம் ஒரு சொல்லுமாகவே நாம் வாழ்ந்து பழகிவிட்டோம். இரண்டும் ஒரே தலைக்குள் போய் முட்டிக்கொள்ளும் என்று உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தில் குடற்புழு மாத்திரை கொடுக்கிற நாள் ஒன்று உண்டு. நோய் இருக்கிறதோ இல்லையோ, எல்லாப் பிள்ளைகளும் ஒரே நாளில் ஆளுக்கு ஒன்று மென்று தின்ன வேண்டும். ஒருத்தர் விட்டால் அவரிடமிருந்து மறுபடி எல்லாருக்கும் வரும் என்று டீச்சர் சொல்லிக் கொடுப்பார்கள். அதுவும் சரியான பாடம்தான். இசக்கி அந்தப் பாடத்தையும் கேட்டிருந்தாள், உன் பாடத்தையும் கேட்டாள். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டாள்.

பத்திரிகையில் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: இசக்கி நாலாம் வகுப்புப் பிள்ளை. அப்பா கட்டட வேலை, அம்மா கிழக்கேகோட்டையில் ஒரு ஹோட்டல் சமையல்கட்டில். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஒரே அறையில் அவர்களும் மூன்று பிள்ளைகளும். ஆணி குத்தி அவள் காலில் புண் பழுத்தபோது, உன் சுகாதார நிலையத்து டாக்டர்தான் ஆன்டிபயாடிக் எழுதினார். அட்டையை எடுத்துக் கொடுத்தது நீ. இது கிருமிக்கு மருந்து, எப்போது, எப்படிச் சாப்பிட வேண்டும், தீரும்வரை நிறுத்தக் கூடாது என்று அவள் அப்பாவிடம் ஒரு குறையும் வைக்காமல்தான் சொன்னாய். அந்த மனிதர் பாவம், "பிள்ளைக்குத் தெரியும், உங்க கிளாஸ்ல படிச்சவதான்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்குப் போனதும் இசக்கி அட்டையைப் பிரித்து, தம்பிக்கு ஒன்று, தங்கச்சிக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, அடுத்த அறைப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்று என்று வரிசையில் நிறுத்திக் கொடுத்திருக்கிறாள். மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்ல வேளை. இவளுக்குத்தான் மருந்து பாதியில் தீர்ந்துபோய், கால் முழங்கால் வரை வீங்கி, காய்ச்சல் ஏறி, ஆஸ்பத்திரியில் கீறிச் சீழ் எடுத்து, கையில் ஊசியைக் குத்தி மருந்து இறக்க வேண்டியதாயிற்று.

நீ ஓடினாய். வார்டு வாசல் வரை போனாய். அவளுடைய அம்மா உன்னைப் பார்த்ததும், "அக்கா சொன்ன மாதிரிதான செஞ்சா எம்புள்ள" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை கோமு, அவளுக்குப் புரியாமல் கேட்டாள். நீ அங்கேயே திரும்பிவிட்டாய். அன்று ராத்திரி நீ சாப்பிடவில்லை என்பதற்காக உன் அம்மாவும் சாப்பிடவில்லை, நான் மட்டும் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன். அடுத்த வாரமே கொச்சி வேலைக்கு 'சரி' என்று எழுதிப் போட்டாய்.

நீ போகாத இடத்துக்கு நான் போனேன். உனக்குத் தெரியாமல் தினமும் போனேன். காலை நடை நீண்டுபோகிறது என்று உன் அம்மா சந்தேகப்பட்டது அதனால்தான். முதல் நாளே இசக்கியிடம் கேட்டேன், "ஏம்மா எல்லாருக்கும் குடுத்த?" அவள் என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "கிருமி மிச்சம் இருந்தா பலசாலியாயிரும்னு அக்கா சொன்னாங்கல்ல? எங்க வீட்டுல எல்லாரு வயித்துலயும் இருக்கும்லா. எனக்கு மட்டும் போட்டா மிச்சம் இருக்கும்ல தாத்தா?" என்றாள். நீயே சொல், இதில் எங்கே தப்பு? நீ சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அந்தப் பிள்ளை கவனமாகக் கேட்டிருக்கிறாள். ஒரே ஒரு சொல் மட்டும் அவள் காதில் வேறு மொழியில் விழுந்துவிட்டது.

எனக்குத் தெரிந்த ஒரே தொழிலை வைத்து விளக்கினேன். "இந்த மருந்து பஸ் டிக்கெட் மாதிரிம்மா. யாரு பயணம் போறாங்களோ அவங்களுக்கு மட்டும்தான். எறங்க வேண்டிய எடம் டாக்டருக்குத் தெரியும். பாதி வழியில எறங்கி, டிக்கெட்டை இன்னொருத்தர் கையில குடுக்கக் கூடாது." அவள் யோசித்தாள். "அப்ப தம்பிக்குக் குடுத்திருக்கவே வேண்டாம். சின்னப் பிள்ளைக்கு பஸ்ல டிக்கெட்டே கெடையாதுல்லா" என்றாள். நீதான் பதில் சொல்லேன் பார்ப்போம். நான் தண்ணீர் குடிக்கப் போவது போல எழுந்து போய்விட்டேன்.

நேற்று அவர்கள் அறைக்குப் போயிருந்தேன். கால் ஆறிவிட்டது, நன்றாக நடக்கிறாள். ஆனால் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறாள். விஷயம் வகுப்பில் பரவி, பிள்ளைகள் அவளை 'கிருமிகடி' என்று கூப்பிட ஆரம்பித்திருக்கின்றன. பார்க்க வந்த ஒன்றிரண்டும் வாசலில் நின்று அதையே சொல்லிச் சிரித்துவிட்டுப் போயிருக்கின்றன. அவளுடைய அம்மா என்னிடம், "போகலேன்னா என்ன செய்ய அண்ணாச்சி? ஊர்ல தங்கச்சி வீட்டுல கொண்டு விட்டுருதேன். அங்க ஆடு மாட்டையாவது பாத்துக்கிடுவா" என்றாள். இசக்கி சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்தபோது என் வேட்டியைப் பிடித்து இழுத்து, மெதுவாகக் கேட்டாள்: "தாத்தா, அக்காவுக்கு எம்மேல கோவமா? நான் பாடத்தக் கெடுத்துட்டேன்னுதான் அக்கா பள்ளிக்கூடத்துக்கு வர மாட்டேன்னுட்டாங்களா?"

கோமு, நீ உன் தப்பை நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டாய். அந்தக் கதவுக்கு வெளியே நின்று அந்தப் பிள்ளை அதைத் தன் தப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. இதைத்தான் நேற்று உன்னிடம் சொல்ல வந்தேன். அதற்குள் கத்தல் வந்துவிட்டது. ஒரு வகுப்பு முழுக்க உன் பாடத்தைக் கேட்டது. ஜிகினாவைக் கழுவியதோடு மற்றவர்கள் மறந்துவிட்டார்கள். கேட்டதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்து பார்த்தது இவள் ஒருத்திதான். அவளைத்தான் விட்டுவிட்டுப் போகிறாய்.

உனக்குக் கல்லாறு நினைவிருக்கிறதா? பள்ளி விடுமுறையில் பொன்முடி மலைக்குப் போகிற வண்டியில் உன்னை ஏற்றிக்கொண்டு போவேன். டிரைவருக்குப் பின்னாலிருக்கும் சீட்டு உனக்கு. ஒரு பெல் என்றால் நிற்கும், இரண்டு பெல் என்றால் கிளம்பும் என்று சொல்லித் தந்து, கயிற்றை உன் கையில் கொடுத்திருந்தேன். கல்லாறு வருவதற்கு முன் ஒரு வளைவில், குரங்கைப் பார்த்த சந்தோஷத்தில் நீ ஒரே இழுப்பு இழுத்துவிட்டாய். டிரைவர் அண்ணன் பிரேக் போட, ஒரு அம்மாவின் கூடையிலிருந்த வெள்ளரிக்காய் எல்லாம் சீட்டுக்கடியில் உருண்டது. யாரோ சத்தம் போட்டார்கள். கல்லாற்றில் வண்டி டீக்கு நின்றபோது நீ இறங்கிப் போய்க் கடை வாசல் கல்லில் உட்கார்ந்துகொண்டாய். "நான் இனி பஸ்லயே ஏற மாட்டேன்" என்றாய். நான் அதட்டினேன், கெஞ்சினேன், மிட்டாய் வாங்கித் தருகிறேன் என்றேன். ஒன்றும் நடக்கவில்லை. எல்லாரும் ஏறி உட்கார்ந்தாயிற்று. டிரைவர் அண்ணன் எஞ்ஜினை அணைத்துவிட்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மோளு டபிள் பெல் அடிக்காதெ ஞான் வண்டி எடுக்கத்தில்ல, கேட்டோ" என்றார். மகள் இரண்டு பெல் அடிக்காமல் அவர் வண்டியை நகர்த்த மாட்டாராம். வெள்ளரிக்காய் அம்மாவும், "வா மோளே, வந்நு அடி" என்றாள். வண்டி முழுக்க உனக்காகக் காத்திருந்தது. நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து ஏறினாய், நான் தூக்கிப் பிடிக்க, இரண்டு தடவை இழுத்தாய். அதற்கப்புறம் உன் கையிலிருந்து அந்தக் கயிற்றை வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் ஒருநாள் நானும் இசக்கியும் உட்கார்ந்து 'கிருமி'க்கு வேறு பெயர் தேடினோம். "கண்ணுக்குத் தெரியாத பூச்சிதான தாத்தா? காணாப்பூச்சின்னு வைப்போம்" என்றாள். எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று, தமிழுக்கும் சரி மலையாளத்துக்கும் சரி என்று அவளைத் தட்டிக்கொடுத்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு மலையாளப் பிள்ளை. அது எழுந்து உட்கார்ந்து கட்டிலுக்கு அடியில் தேட ஆரம்பித்தது. "எவிடெ? பூச்ச எவிடெ?" மலையாளத்தில் பூச்ச என்றால் பூனை, அதன் காதில் அப்படி விழுந்திருக்கிறது! இசக்கி ஊசி குத்திய கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் பார், நர்ஸ் வந்து எங்கள் இருவரையும் அதட்டினாள். வெளியே வந்தபோது இசக்கியின் அம்மாவிடம் இந்தப் பெயரைச் சொன்னேன். "பூச்சியா? வயித்துப் பூச்சிதான?" என்றாள். மறுபடியும் புழுவுக்கே வந்து நின்றோம்! எந்தச் சொல்லை எடுத்தாலும் இந்த ஊரில் அதற்கு இரண்டாவது வாசல் ஒன்று இருக்கும் போலிருக்கிறது. சொல்லை மட்டும் அனுப்பிவிட்டு நாம் வீட்டில் உட்கார முடியாது. கூடவே போய் நின்று, "நான் சொன்னது உனக்கு என்னன்னு புரிஞ்சுது, திருப்பிச் சொல்லு" என்று கேட்கத்தான் வேண்டும். அன்று வகுப்பில் நீ விட்டது அது ஒன்றுதான். அதைக்கூடத் திருத்திக்கொள்ளாமல் யாராவது ஊரை விட்டுப் போவார்களா?

வெள்ளிக்கிழமை நீ வந்து, மருந்து டிக்கெட்டைப் பற்றிச் சொல், சளிக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று சொல், மிச்சத்தை டின்னில் வைக்காதே என்று சொல், உன் அம்மாவின் முறுக்கு டின்னைக் கொண்டுவந்தே காட்டு, அவளிடம் நான் அனுமதி வாங்கித் தருகிறேன். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால், "இசக்கி பாடத்தைச் சரியாத்தான் கேட்டா, நான்தான் சொல்லைச் சரியாச் சொல்லல" என்று அந்த வகுப்பில் நின்று சொல். அதை நான் சொன்னால் எடுபடாது. ஜிகினா அப்பிய மீசைத் தாத்தா ஏதோ உளறுகிறார் என்றுதான் பிள்ளைகள் சிரிக்கும்.

உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். அக்காவுக்குக் கோபமே இல்லை, வெள்ளிக்கிழமை கண்டிப்பாக வருவாள் என்று இசக்கியிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். அக்கா வந்தால் மட்டும் வருகிறேன் என்றாள். காலையில் யூனிபார்ம் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நிற்பாள், உள்ளே நுழைய மாட்டாள், நீ வந்து அவள் கையைப் பிடிக்க வேண்டும். திட்டுவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை ரயிலில் ஏறி உட்கார்ந்தபிறகு ஜன்னல் வழியாகத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

ஜிகினா டப்பா பைக்குள் இருக்கிறது. பை வாசலில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை நான் செருப்புப் போட்டுக்கொண்டு நிற்பேன். பெல் நீதான் அடிக்க வேண்டும் மகளே. நீ அடிக்காமல் இந்த வண்டியை நான் எடுக்கமாட்டேன்.

அப்பா